டிசைன் மேசை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தமிழ் எழுத்துருவைப் பற்றியவை. அதனால் அவற்றுக்கு இடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம்.

பி.காம். முடித்திருக்கிறேன். டிசைன் கற்றுக்கொண்டு அச்சக வேலைகளை எடுத்துச் செய்ய ஆசை. இங்கே ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதத்தில் ஐந்து மென்பொருள் சொல்லித்தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா? எதில் தொடங்குவது?
– வாசகி, விருதுநகர்

மூன்று மாதத்தில் ஐந்து மென்பொருளின் மெனுக்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம். கை பழகாது. அச்சகத்தில் உங்களிடம் எத்தனை சாஃப்ட்வேர் தெரியும் என்று கேட்க மாட்டார்கள். “இந்த பில் புக்கை சாயங்காலத்துக்குள் செட் பண்ணித் தர முடியுமா?” என்றுதான் கேட்பார்கள்.

முதலில் தமிழ்த் தட்டச்சு. தினமும் அரை மணி நேரம், விடாமல். இரண்டு மாதத்தில் விசைகளைப் பார்க்காமல் அடிக்க வந்துவிடும். அதோடு சேர்த்தே கோரல்டிரா. நம் ஊர்ப் பக்க அச்சகம், ஃபிளெக்ஸ் கடை, ஸ்கிரீன் பிரிண்டிங் எல்லாம் பெரும்பாலும் கோரலில்தான் ஓடுகின்றன. அது கைக்கு வந்த பிறகு ஃபோட்டோஷாப்பில் மூன்றே வேலைகள்: படத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது, வெளிச்சத்தைச் சரிசெய்வது, அளவும் டிபிஐயும் (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு) பார்த்து மாற்றுவது. இன்டிசைனைப் புத்தக வேலை வரும்போது படித்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறோம். புது டிசைன் யோசிக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய பில் புக் ஒன்றை எடுத்து ஸ்கேலால் அளந்து, அச்சு அசலாக அதையே கணினியில் செய்யுங்கள். கட்டத்தின் அகலம், கோட்டின் கனம், கடைப் பெயரின் உயரம் எல்லாவற்றையும் அளந்து போடுங்கள். பிறகு பிரிண்ட் எடுத்து, அசலின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் தெரியும். தாளில் எல்லாமே கொஞ்சம் சிறியதாக வந்தால் உங்கள் அளவு தப்பில்லை. பிரிண்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்று இருந்திருக்கும். அதை ‘ஆக்சுவல் சைஸ்’ ஆக்குங்கள்.

பில் புக்கில் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, ரசீது எண்ணைத் தாங்களே அடித்துவிடுவது. எண்ணை அச்சகத்தில் நம்பரிங் மெஷின் போடும். அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். இரண்டாவது, தைக்கிற பக்கத்தில் இடம் விடாதது. இடப்பக்கம் 12 மில்லிமீட்டராவது விடாவிட்டால் முதல் பத்தியின் வரிசை எண் பைண்டிங்குக்குள் போய்விடும். பில் புக், விசிட்டிங் கார்டு, திருமண அழைப்பிதழ், மூன்று மடிப்பு நோட்டீஸ் என நான்கையும் இப்படி அளந்து செய்தால் பாதி டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை) தெரிந்த மாதிரி.

சான்றிதழ் வேண்டும் என்றால் ஐடிஐ-யில் டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர் என்ற ஓராண்டுப் பிரிவு உண்டு; பத்தாம் வகுப்பு போதும். சிவகாசி உங்களுக்குப் பக்கம். ஆடிப்பெருக்குக்கு நாள்காட்டி ஆல்பங்கள் வெளியாகும். அதன்பின் டிசம்பர் வரை அங்கே வேலை ஓயாது. அதற்கு நான்கு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

கணினி வாங்குவதானால் 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் திரை. பணம் போதாவிட்டால் வேறு எதைக் குறைத்தாலும் திரையைக் குறைக்காதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் மாறுகிற திரையில் வண்ண வேலை செய்ய முடியாது.

பாமினியில் வேகமாக அடிப்பேன். இப்போது கேட்பவர்கள் எல்லோரும் யூனிகோட்டில் வேண்டும் என்கிறார்கள். தட்டச்சையே புதிதாகப் பழக வேண்டுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

வேண்டாம். இரண்டு வேறு விஷயங்கள் இங்கே ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. எந்த விசையில் எந்த எழுத்து என்பது விசைப்பலகை அமைப்பு. அந்த எழுத்து கணினிக்குள் எந்த எண்ணாகப் பதிவாகிறது என்பது குறியாக்கம்.

பாமினி எழுத்துருவில் நீங்கள் ‘அம்மா’ என்று அடிக்கும்போது கோப்புக்குள் தமிழே கிடையாது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் பதிவாகின்றன. பாமினி எழுத்துரு அந்தக் குறிகளுக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று படம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான். யூனிகோட்டில் தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ‘ம’ என்பது எந்த எழுத்துருவிலும் ‘ம’ தான்.

என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசத் தட்டச்சுச் செயலிகளில் பாமினி, பழைய தட்டச்சு, தமிழ்99, ஒலிப்பு முறை எல்லாம் இருக்கின்றன. அதில் பாமினியைத் தேர்ந்து, எழுத்துருவை யூனிகோட் எழுத்துருவாக வைத்துக்கொண்டால், பழகிய விரலோடேயே யூனிகோட் அடிக்கலாம். தமிழ்நாட்டில் தட்டச்சு ஹையர் முடித்தவர்களுக்கும் இதே பதில்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் தமிழ்99 என்று அழுத்திச் சொல்வோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு அது. உயிர் எழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். புள்ளி வைக்கும் வேலையைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்: ‘ம’வை இருமுறை அடித்தால் முதல் ‘ம’ தானாக ‘ம்’ ஆகும். ந-த, ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற என்று அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. ஆக ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி விழக் கூடாது அல்லவா? அங்கே முதல் ‘ம’வுக்குப் பின் ‘அ’ விசையை ஒருமுறை அடித்தால் போதும்.

எங்கள் சிற்றிதழின் இருபது ஆண்டு இதழ்கள் பேஜ்மேக்கரில் இருக்கின்றன. எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றி மின்னூலாக்க விரும்புகிறோம். மாற்றிப் பார்த்ததில் நூற்றுக்கணக்கான பிழைகள். எங்கே தவறுகிறோம்?
– ஆசிரியர் குழு, கும்பகோணம்

நல்ல காரியம், உடனே செய்ய வேண்டியதும்கூட. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தெரியாது. புதிய கணினிகளில் அதை ஓடவைப்பதே வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது. பேஜ்மேக்கர் இல்லாமற்போனால் லிப்ரெஆபீஸ் டிராவில் அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு பிசகும், ஆனால் எழுத்து கையில் கிடைத்துவிடும்.

மாற்றும் முன் ஒவ்வொரு கோப்பிலும் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டாம், டாப், ஸ்ரீலிபி, வானவில், பாமினி என ஒவ்வொன்றுக்கும் குறியாக்கம் வேறு. ஒரே இதழில் தலைப்பு ஒரு குடும்பத்திலும் உள்ளடக்கம் வேறு குடும்பத்திலும் இருப்பது சாதாரணம். மொத்தமாக நகலெடுத்து ஒரே மாற்றியில் (குறியாக்கத்தை மாற்றும் செயலி) போட்டால் தலைப்புகள் எல்லாம் குப்பையாக வரும்.

ஆங்கிலச் சொற்கள் அடுத்த தொல்லை. டாப் இருமொழிக் குறியாக்கம். அதில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும், தமிழ் மேல் பாதி 128 இடங்களில் இருக்கும். அதனால் மாற்றும்போது ஆங்கிலம் கெடாது. டாம் ஒருமொழிக் குறியாக்கம். ஆங்கில எழுத்துகளின் இடத்தையும் தமிழே எடுத்துக்கொண்டது. அதை வெறும் எழுத்தாக மாற்றிக்குள் ஒட்டினால், இடையில் வந்த ஆங்கிலப் பெயர்கள், இணைய முகவரிகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். எழுத்துருவை வைத்துத் தேடி, ஆங்கிலப் பகுதிகளை முன்கூட்டியே அடையாளக் குறிகளுக்குள் அடைத்துவிட்டு மாற்றுங்கள்.

இனி, மாற்றிய பின் வருகிற பிழைகள். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ‘அவா்கள்’, ‘ஊா்’, ‘தோ்தல்’ என்று இருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதே என்று தோன்றும். கூர்ந்து பாருங்கள்: ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் புள்ளியும் இருக்கின்றன. பழைய எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம் என்பதால் தட்டச்சு செய்தவர்கள் காலையே போட்டுவிட்டார்கள். அச்சில் யாருக்கும் தெரியவில்லை. யூனிகோட்டில் அது வேறு எழுத்து. ‘அவர்கள்’ என்று தேடினால் ‘அவா்கள்’ கிடைக்காது. நல்ல செய்தி என்னவென்றால், துணைக்காலுக்குப் பின் புள்ளி வருவது தமிழில் எங்குமே இல்லை. ஆகவே கால்-புள்ளியைத் தேடி, எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ‘ர்’ என்று மாற்றிவிடலாம். ‘தோ்தல்’ போன்றவற்றில் மட்டும் கொம்பும் காலும் ஒரே குறியாக ஒட்டியிருக்கும்; அவற்றைத் தனியாகத் தேடி, ‘தோ்’ என்பதை ‘தேர்’ ஆக்குவதுபோல மாற்ற வேண்டும். பயமே வேண்டாம்.

‘கௌரி’யில் மட்டும் இந்த வேகம் காட்டாதீர்கள். பலர் ஒற்றைக் கொம்பு, க, ள என்று அடித்து ‘கெளரி’ ஆக்கியிருப்பார்கள். கொம்பையும் ‘ள’வையும் தேடி மொத்தமாக மாற்றினால் ‘வெள்ளி’, ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் சிதைந்துவிடும். இதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பெரும்பாலும் பெயர்களிலும் வடசொற்களிலும்தான் வரும் என்பதால் நேரம் அதிகம் ஆகாது. ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு ‘௭’, ‘க’ இடத்தில் தமிழ் எண் ஒன்று ‘௧’ ஆகியவையும் ஒளிந்திருக்கும். தமிழ் எண்களை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால் ஒவ்வோர் எண்ணையும் தேடிப் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.

‘ஸ்ரீ’ இரண்டு விதமாகப் பதிவாகும்: ‘ஸ’வில் தொடங்கி ஒன்று, ‘ஶ’வில் தொடங்கி இன்னொன்று. ‘ஶ’ யூனிகோட்டில் சேர்ந்ததே 2005-இல்தான். எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்து எல்லா இதழ்களிலும் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்தைத் தேடுபவருக்குப் பாதிக் கட்டுரைதான் கிடைக்கும்.

ஓர் இதழை முழுதும் முடித்து, பிழைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு, அதன்பின் அடுத்த இதழுக்குப் போங்கள். இருபது ஆண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுத் திருத்த உட்கார்ந்தால் யாருக்கும் கை ஓடாது.

இன்டிசைனில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. ‘செ’ என்பது ‘ச’வும் அதன் பின் கொம்புமாகத் தெரிகிறது. எழுத்துருவின் கோளாறா?
– வாசகர், கோவை

எழுத்துருவில் குறையில்லை. யூனிகோட்டில் முதலில் ‘ச’, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் எழுத்துக்கோப்பியின் (கம்போசர்) வேலை. பேராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணமே சரியாகும். பத்தி பத்தியாகச் செய்யாமல், பேராகிராஃப் ஸ்டைலில் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதிக்குள் கம்போசரை மாற்றிவைத்தால் புத்தகம் முழுக்கப் பொருந்தும்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிட்டு, பேராகிராஃப் மெனுவில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளிலும் டைப் பிரிஃபரன்சில் தெற்காசிய எழுத்துமுறைக்கு மாற்ற வேண்டும். புதியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கோரலில் 2012-இல் வந்த எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்பு என்றால் யூனிகோட் தமிழை எதிர்பார்க்காதீர்கள்.

இடம் இருக்கிறது, இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். தமிழ்ப் பத்திக்கு ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி போதாது. மேலே இகர ஈகாரச் சுழியும் கீழே உகரக் கீற்றும் முட்டிக்கொள்ளும். 11 புள்ளி (பாயிண்ட் அளவு) எழுத்துக்கு 15 புள்ளி இடைவெளி வைத்துப் பாருங்கள். குறுகிய பத்தியில் இருபக்கமும் சமன்செய்தால் நீளமான தமிழ்ச் சொற்களால் வரிக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழும். சொல்லை உடைக்க வேண்டி வந்தால் மெய்யெழுத்தில் வரி தொடங்காதபடி உடையுங்கள். ‘வந்திருக்கி’ என்று ஒரு வரியும் ‘ன்றன’ என்று அடுத்த வரியும் வந்தால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

திருமண அழைப்பிதழில் திரையில் பளிச்சென்று இருந்த நீலம், அச்சில் கத்திரிக்காய் ஊதாவாக வந்துவிட்டது. அச்சகத்தார் கோப்பில்தான் தவறு என்கிறார். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், ஈரோடு

அச்சகத்தார் சொல்வது சரி. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையால். திரையில் தூய நீலம் என்பது 0, 0, 255. ஃபோட்டோஷாப் தன் வழக்கமான அமைப்பில் அதை அச்சு மைக்கு மாற்றினால் சயான் 88, மெஜந்தா 77 என்று வரும். இரண்டும் இவ்வளவு நெருங்கினால் ஊதா அடிக்கும். நீலம் நீலமாகவே வர, சயானுக்கும் மெஜந்தாவுக்கும் 30 சதவீதமாவது இடைவெளி வேண்டும். சயான் 100, மெஜந்தா 65 என்று நீங்களே எண்ணைப் போடுங்கள். திரையில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். அச்சில் வரப்போவதும் அதுதான். பளிச்சென்ற இலைப்பச்சை, ஆரஞ்சு இரண்டுக்கும் இதே கதி.

கோப்பைத் தொடங்கும்போதே சிஎம்ஒய்கே-யில் (அந்த நான்கு மைகளின் நிற முறை) தொடங்குங்கள். முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றினால், பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிறம் எல்லாம் ஒரே நொடியில் மாறும். வாடிக்கையாளரும் பழையதைப் பார்த்து ஓகே சொல்லியிருப்பார்.

கறுப்பைப் பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் இங்கேதான் அதிகப் பிளேட் (அச்சுத் தகடு) வீணாகிறது. திரைக் கறுப்பை அப்படியே மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதம் ஆகிவிடும். 9 புள்ளி எழுத்து இப்படி நான்கு மையில் அடிபட்டால், பிளேட் தலைமுடி அளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாடும். எழுத்துக்கு எப்போதும் கறுப்பு 100 மட்டும், மற்றவை பூஜ்யம். இன்டிசைனில் ‘செப்பரேஷன்ஸ் பிரிவியூ’வைத் திறந்து கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்துகள் மறைந்துவிட்டால் கோப்பு சுத்தம். சாம்பல் நிறமாக மிச்சம் தெரிந்தால் அவை நான்கு மைக் கறுப்பு.

பெரிய கறுப்புப் பின்னணி வேண்டுமானால் கறுப்பு 100 மட்டும் போட்டால் வெளிறித் தெரியும். அங்கே சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று போடலாம். அதன்மேல் வெள்ளையில் சின்னத் தமிழ் எழுத்து வைக்காதீர்கள். புள்ளியும் சுழியும் மையில் அடைந்துபோகும். வைத்தே ஆக வேண்டும் என்றால் 9 புள்ளிக்குக் குறையாமல், தடித்த எழுத்தாக வையுங்கள்.

10-க்கு 8 அடி ஃபிளெக்ஸ் ஒன்றை 300 டிபிஐ-யில் ஃபோட்டோஷாப்பில் செய்தேன். கணினி உறைந்து நின்றது. பிஎஸ்டி-யாகச் சேமிக்கவும் மறுக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

கணக்கைப் பாருங்கள். 10 அடி என்றால் 120 அங்குலம். 300-ஆல் பெருக்கினால் 36,000 பிக்சல். 8 அடிக்கு 28,800. இரண்டையும் பெருக்கி, நான்கு மைக்கு நான்கு பைட் வைத்தால் ஒரே அடுக்குக்கு ஏறக்குறைய 4 ஜிபி. பிஎஸ்டி என்ற ஃபோட்டோஷாப் கோப்பு வகையில் ஒரு பக்கம் 30,000 பிக்சலைத் தாண்ட முடியாது. அதனால்தான் மறுக்கிறது.

ஃபிளெக்ஸுக்கு 72 டிபிஐ தாராளம். 8,640-க்கு 6,912 பிக்சல். ஏறக்குறைய 230 எம்பி. சாலையில் 30 அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இதற்கு மேல் வித்தியாசம் தெரியாது. இன்னும் நல்ல வழி, எழுத்தையும் வடிவங்களையும் கோரலில் வைத்து, படத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பில் செய்து கொண்டுவருவது. எழுத்தின் விளிம்பு எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும். அனுப்பும் முன் கண்ட்ரோல்-க்யூ அடித்து எழுத்தைக் கர்வ் ஆக்குங்கள். ஆனால் கர்வ் ஆக்காத பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்துவிட்டு அதன்பின்தான். கர்வ் ஆன எழுத்து வெறும் கோடு. கடைசி நேரத்தில் தொலைபேசி எண் மாறினால் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

எழுத்தின் உயரத்துக்கு ஒரு கைக்கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். 100 அடிக்கு அப்பாலிருந்து வண்டியில் வருபவர் படிக்க வேண்டுமென்றால் 10 அங்குலம். பாதிப் பேனர்களில் முக்கியமான தேதியும் இடமும் 3 அங்குலத்தில் இருக்கின்றன. யாருக்காக அச்சடிக்கிறோம் என்றே தெரியவில்லை. சட்டத்தில் அடிக்கப் போகிறார்களா, ரிங் போட்டுக் கட்டப் போகிறார்களா என்பதையும் கேட்டுக்கொண்டு நான்கு பக்கமும் அதற்கேற்ப வெற்றிடம் விடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து ஏ4 அளவில் அட்டைப்படம் செய்யலாமா?
– வாசகி, காரைக்குடி

சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். அதை 300-ஆல் வகுத்தால் 5.3 அங்குலம், 13 சென்டிமீட்டர் சொச்சம். அந்த அளவு வரை நன்றாக வரும். ஏ4 நீளத்துக்கு இழுத்தால் 137 டிபிஐ-க்கு இறங்கிவிடும், முகத்தில் கட்டம் தெரியும். ஃபோட்டோஷாப்பில் 300 என்று எண்ணை மாற்றிப் போடுவதால் இல்லாத விவரம் வந்து சேராது. அனுப்பியவரிடம் அசலையே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பைட்கூடக் குறையாமல் வரும்.

ஏஐ செயலியில் உருவாக்கிய படத்துக்கும் இதே கணக்குதான். 1,024 பிக்சல் சதுரம் என்றால் அச்சில் 8.7 சென்டிமீட்டர். அதில் தமிழ் எழுத்தும் வந்திருந்தால் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள், அல்லது அழித்துவிட்டு நீங்களே அடியுங்கள்.

பணம் கட்டாமல், திருட்டுப் பிரதியும் இல்லாமல் தொழில் செய்ய முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

முடியும், ஓரிரு சிரமங்களோடு. கோடு-வடிவ வேலைக்கு இங்க்ஸ்கேப், படத்துக்கு கிம்ப் அல்லது கிரிட்டா, பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ். 2024 ஜனவரியில் வந்த ஸ்கிரைபஸ் 1.6 தமிழைச் சரியாகக் கோக்கிறது. சிஎம்ஒய்கே பிடிஎஃப்பும் தருகிறது. இங்க்ஸ்கேப் நிறத்தைத் திரை முறையில்தான் வைத்துக்கொள்ளும். அதனால் லோகோவை அங்கே வரைந்து, ஸ்கிரைபஸில் கொண்டுவந்து, நிறங்களுக்கு மை எண்களைக் கொடுத்து, அங்கிருந்து பிடிஎஃப் எடுங்கள். அச்சகம் கோரல் கோப்புதான் வேண்டும் என்றால் எழுத்துகளைக் கர்வ் ஆக்கிய பிடிஎஃப் கொடுங்கள், பெரும்பாலும் போதும்.

எழுத்துருவுக்கும் இதே நேர்மை வேண்டும். கேட்டமரன், முக்த மலர், மீரா இனிமை, பவனம், ஹிந்த் மதுரை, கவிவாணர், பலூ தம்பி, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் வணிக வேலைக்கும் கட்டணமில்லாத திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. உள்ளடக்கத்துக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்கு கேட்டமரனின் தடித்த வகை. இந்த இணை ஏமாற்றாது.

ஏ4 தாளில் மூன்று மடிப்பு நோட்டீஸ். மூன்று பத்தியையும் 99 மில்லிமீட்டராகச் சரியாகப் பிரித்தும் மடித்தால் உள்மடிப்பு புடைத்து நிற்கிறது.
– வாசகர், வேலூர்

உள்ளே மடிகிற பத்தி மற்றவற்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 297-ஐ 97, 100, 100 என்று பிரியுங்கள். வெளிப்பக்கத்தில் இடமிருந்து 97, 100, 100. உள்பக்கத்தில் அது கண்ணாடி போலத் திரும்பி 100, 100, 97. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வழிகாட்டிக் கோட்டை வைத்துவிடுவதுதான் வழக்கமான பிழை. வெற்றுத்தாளை மடித்து, ஒவ்வொரு முகத்திலும் எண் எழுதி, விரித்துப் பார்த்துவிட்டுக் கணினியில் உட்காருங்கள். பின்னணி நிறம் தாளின் விளிம்பு வரை போகுமானால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடு (வெட்டும் கோட்டைத் தாண்டி நீட்டிய நிறம்) சேருங்கள். முக்கிய எழுத்து எதுவும் வெட்டும் கோட்டுக்கு 5 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது.

தேர்தல் நோட்டீஸ் டிசைனில் அச்சகத்தின் பெயர் போடச் சொல்கிறார்கள். அழகு கெடுகிறதே, விட்டுவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

விடவே கூடாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி எதிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பிலேயே இருக்க வேண்டும். வெளியிடுபவர் தன் அடையாளத்தை உறுதிசெய்து கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு பிரதிகளாக அச்சகத்துக்குத் தர வேண்டும். அச்சகம் அதில் ஒன்றை, அச்சிட்ட நோட்டீசின் ஒரு பிரதியோடு மாநிலத் தலைநகரில் அச்சிட்டால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டத்தின் நாள், நேரம், இடத்தை மட்டும் சொல்லும் அறிவிப்புக்கு இது பொருந்தாது.

அழகு கெடாமல் வைக்க வழி இருக்கிறது. கீழ் விளிம்பில் 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு பட்டையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். தலைவரின் படத்தையும் சின்னத்தையும் வைத்து முடித்த பிறகு இடம் தேடினால்தான் அது ஒட்டுப்போட்டது போலத் தெரியும். பெயர், முகவரி, பிரதிகளின் எண்ணிக்கை மூன்றையும் கறுப்பு 100-இல், வெளிர் பின்னணியில், ஒரே வரியில் வையுங்கள்.